கப்பல் முட்டையும் குளியாப்பிட்டி முட்டையும்

2023 தொடக்கத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பின்னேரத்தில் அப்பம் சுடுகிறவர் பலகையில் இருந்த "முட்டை அப்பம்" என்ற வரியை அழித்துவிட்டார். "முட்டை அறுபதைத் தாண்டிட்டுது தம்பி, நான் அப்பத்தை என்ன விலைக்கு விக்கிறது?" என்றார். அந்த மார்ச்சில்தான் இலங்கை அரச வர்த்தகக் கூட்டுத்தாபனம் இந்தியாவிலிருந்து முதல் தொகுதியாக 20 இலட்சம் முட்டைகளை இறக்கியது. முதலில் பேக்கரிகளுக்கு, பிறகு அரச கடையான சதொசவிலும். எங்கள் வீட்டில் வழக்கு தொடங்கியது அன்றைக்கு: முட்டையை வாங்குவதா, கோழியை வளர்ப்பதா?

அன்று விலையில் இந்தியாவிலிருந்து வந்த கப்பல் முட்டைக்கே வெற்றி, மறைக்க ஒன்றுமில்லை. அங்கே கோழித் தீனுக்கான சோளமும் சோயாவும் உள்நாட்டிலேயே விளைகின்றன. ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. மஞ்சள் கரு வெளிறியிருக்கிறதென்று அம்மா முகம் சுளித்தா. அந்த நிறம் கோழி தின்ற தீனைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல.

வைத்திருப்பதில்தான் சிக்கல். குளிரூட்டிய கொள்கலனில் வந்த முட்டையைக் கொழும்பு வெக்கையில் எடுத்து வைத்துப் பாருங்கள், சில நிமிடத்தில் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தோடு ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உள்ளே போகலாம். குளிரில் வந்ததைச் சமைக்கும்வரை குளிரிலேயே வைக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட ஊருக்கு இது சின்ன நிபந்தனையா? வடமேல் மாகாணத்துக் குளியாப்பிட்டிப் பக்கப் பண்ணைகளிலிருந்து லொறியில் வருவது கடை மேசையிலேயே இரண்டு கிழமை தாங்கும்.

ஆனால் உணவுப் பாதுகாப்பென்று வந்தால் ரூபாயைவிட நாட்களைத்தான் எண்ணவேண்டும். கப்பல் முட்டை சில கிழமைகளில் வந்துவிடும். பண்ணைக் குஞ்சு முதல் முட்டை இட 18 முதல் 20 கிழமை எடுக்கும். அந்தக் குஞ்சைத் தரும் தாய்க்கோழி வர்க்கமோ வெளிநாட்டிலிருந்து வருவது. 2021இல் இரசாயன உரத் தடை உள்ளூர்ச் சோளத்தை அடித்தது. 2022இல் டொலர் இல்லாமல் வெளிச் சோளத்துக்கும் தட்டுப்பாடு. தீன் விலை ஏறிக்கொண்டிருந்த அதே ஓகஸ்டில் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு 45 என்று வர்த்தமானியில் கட்டுப்பாட்டு விலை வந்தது. கட்டுபடியாகாதவர்கள் முட்டைக்கோழியை இறைச்சிக்கு விற்றார்கள். அறுத்த கோழியை வர்த்தமானி முட்டையிட வைக்குமா? 2023 ஏப்ரலில் கிலோக் கணக்குக்கு மாறினார்கள்: வெள்ளை 880, சிவப்பு 920. 55 கிராம் வெள்ளை முட்டை 48 ரூபாய்க்கு மேல் வரும். கடைக்காரர் நாலு முட்டையைத் தராசில் வைத்து எடுத்த கூத்தையும் பார்த்தோம்.

இதில் உள்ளூர் முட்டைக்காரருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: அது எவ்வளவு உள்ளூர்? பண்ணைக்கோழி நாளைக்கு 110 கிராம் தீன் தின்று வருடத்துக்கு முந்நூறு முட்டை இடுகிறது. அப்படியானால் ஒரு முட்டைக்கு 134 கிராம் தீன். கிலோவுக்கு 10 ரூபா ஏறினாலே முட்டையில் 1 ரூபா 30 சதம் ஏறிவிடும். அந்தத் தீனில் சோயாப் புண்ணாக்கு பெரும்பாலும் இறக்குமதி. சோளமும் பற்றாத வருடத்தில் குளியாப்பிட்டி முட்டைக்குள்ளும் பாதிக் கப்பல் இருக்கிறது.

அப்படியிருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். டொலர் எப்படியும் வெளியே போகும். முட்டைக்குப் போவதைவிடச் சோளத்துக்கும் தாய்க்கோழிக்கும் போகட்டும். கூலியும், லொறி வாடகையும், மரக்கறித் தோட்டத்துக்கான கோழி எருவும், கழித்த கோழியின் இறைச்சியும் இங்கே மிஞ்சும். பருப்பு முழுக்க வெளியிலிருந்து, பால்மாவும் பெரும்பாலும் அப்படித்தான்; ஏழை வீட்டுப் புரதத்தில் இங்கேயே உருவாகிறவற்றில் முக்கியமானவை மீனும் முட்டையும். அதோடு 2024இல் கேரளத்து ஆலப்புழையில் நடந்ததுபோல் இந்தியாவில் பறவைக் காய்ச்சல் வந்தால் இறக்குமதிக் கதவு ஒரே இரவில் மூடலாம். எங்கள் பண்ணைகளும் பெரும்பாலும் வடமேல் மாகாணத்தில் குவிந்து கிடப்பது தனிக் கவலை. இறக்குமதியைத் தீயணைப்பு வண்டிபோல வைத்திருக்கலாம், தினமும் அதில் வேலைக்குப் போகமுடியாது.

அம்மாவின் கட்சி மூன்றாவது: ஊர்க்கோழி. குப்பையைக் கிளறித் தின்னும், சோளத்துக்கு டொலர் கேட்காது. ஆனால் வருடத்துக்கு நூறு முட்டை இட்டாலே பெரிது. எங்கள் நாலாம் மாடியில் கூடு வைக்கவும் விடமாட்டார்கள். அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி பால்மா டின்னில் உமி நிரப்பிப் பத்து முட்டையை இரவு பஸ்ஸில் அனுப்புவா. போனமுறை எட்டுத்தான் உடையாமல் வந்தது. அவை அம்மாவின் பேரனுக்கு மட்டும். எனக்குச் சந்திக் கடையில் ஒரு தட்டு சிவப்பு.