கோஹாவை வைத்து ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கவுன்டரை நடத்துவது: நீண்ட நாள் அனுபவம்

கோஹா நூலக மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறுவுவதோடு நின்றுவிடுகிறார்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, பழைய தரவை எப்படிக் கொண்டுவருவது என்று விலாவாரியாக எழுதுவார்கள். அது சில வாரத்து வேலை. அதன் பிறகு வருடக்கணக்கில் அதை வைத்துக்கொண்டு ஆட்களையும் கவுன்டரையும் நடத்தியாக வேண்டும். நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். சர்வர் என் கையில் இல்லை, அதற்கு வேறு ஆள் இருக்கிறார். ஆகவே இது முழுக்கக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதும் பகிர்வு.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: கோஹா நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காகக் கட்டிபோ என்ற நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நெருக்கடியில் பிறந்து, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு பதிப்புகள் வரும். பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான், 22.11 என்றால் 2022 நவம்பர்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பணியாளர் நிர்வாகத்துக்கென்று கோஹாவில் தனிப் பகுதி எதுவும் இல்லை. ஷிப்ட் அட்டவணை போட முடியாது, விடுப்புக் கணக்கு வைக்க முடியாது. அதற்கெல்லாம் நாங்கள் இன்னும் ஒரு விரிதாளைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனாலும் ஆட்களை நிர்வகிப்பதில் பாதி வேலை இந்த மென்பொருளுக்குள்தான் நடக்கிறது என்பது போகப் போகப் புரிந்தது. அது நடக்கும் இடங்கள் இரண்டு: இரவல் விதிகளின் அட்டவணை, பணியாளர் அனுமதிகள்.

விதி அட்டவணையில் எந்த நூலகம், எந்த வகை உறுப்பினர், எந்த வகை நூல் என்று மூன்றையும் சேர்த்து ஒரு வரி எழுத வேண்டும். எத்தனை நூல், எத்தனை நாள் அல்லது எத்தனை மணி நேரம், அபராதம் எவ்வளவு, எத்தனை முறை புதுப்பிக்கலாம், முன்பதிவு உண்டா என்று வரி நீண்டுகொண்டே போகும். ஒரு நூலைக் கொடுக்கும்போது பொருந்துகிற வரிகளில் எது மிகக் குறிப்பானதோ அதைக் கோஹா எடுத்துக்கொள்ளும். அப்படி எதுவும் இல்லையென்றால் எல்லாருக்கும் பொதுவான வரி.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நிரப்ப உட்காரும்போதுதான் நூலகத்தில் எத்தனை விதிகள் வாய்மொழியாகவே ஓடிக்கொண்டிருந்தன என்று தெரியும். கௌரவ விரிவுரையாளர் ஆசிரியர் கணக்கில் வருவாரா? ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவர் இன்னும் ஆய்வு மாணவர்தானா? கவுன்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் மனசுக்குத் தோன்றியதே அதுவரை பதிலாக இருந்தது. எந்த ஷிப்டில் யார் இளகிய மனசுக்காரர் என்பது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்கேற்ற நேரம் பார்த்து வருவார்கள். கடுமையாக இருப்பவருக்குக் கெட்ட பெயர், இளகியவருக்கு நல்ல பெயர். பணியாளர்களுக்குள் வரும் மனஸ்தாபத்தில் பாதி இதிலிருந்து முளைத்ததுதான். விதி அட்டவணைக்குள் போனதும் அந்தச் சண்டை கவுன்டரை விட்டு நகர்ந்து நூலகக் குழுக் கூட்டத்துக்குப் போனது. போக வேண்டிய இடமும் அதுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பொதுவான வரிகளை முதலில் எழுதிவிட்டு, விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தலைகீழாகப் போனால் ஆறு மாதம் கழித்து ஒரு நூலுக்கு ஏன் ஏழு நாள் மட்டும் கிடைக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதைய பதிப்புகளில் ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. எந்தக் கூட்டத்தில், எதற்காக முடிவானது என்று அதில் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவர் வாழ்த்துவார்.

அடுத்து அனுமதிகள். எனக்கு மிக அழுத்தமான கருத்து இருப்பது இதில்தான். கோஹாவில் அனுமதிகளை மிக நுணுக்கமாகப் பிரிக்கலாம். நூல் வழங்குவது ஒன்று, தடையை மீறி வழங்குவது வேறொன்று, புதுப்பிப்பு வரம்பைத் தாண்டிப் புதுப்பிப்பது இன்னொன்று, அபராதத்தைத் தள்ளுபடி செய்வது தனி. இப்படிப் பிரித்திருப்பதைப் பார்த்ததும் மேலதிகாரிகளுக்கு வரும் முதல் ஆசை, மீறும் அதிகாரம் எல்லாவற்றையும் தங்கள் கையில் வைத்துக்கொள்வது. பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

மாலை ஷிப்டை யோசித்துப் பாருங்கள். பிரிவுத் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார். கவுன்டரில் இருப்பது பணியில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன உதவியாளர். மறுநாள் காலை கருத்தரங்கில் பேச வேண்டிய மாணவி ஒரு நூலோடு நிற்கிறாள். பழைய நிலுவை ஒன்றுக்காகத் திரையில் சிவப்பாகத் தடை வருகிறது. அதிகாரம் இல்லாத உதவியாளரால் "நாளைக்கு வாங்க" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமைதான் ஒரு இளம் பணியாளரின் மரியாதையைக் கெடுக்கிறது. கொஞ்ச நாளில் அவரும் திரை சொல்வதைத் திருப்பிச் சொல்லும் ஆளாகிவிடுவார்.

எங்கள் ஏற்பாடு இது. தடையை மீறி வழங்கவும் வரம்பு தாண்டிப் புதுப்பிக்கவும் கவுன்டரில் உட்காரும் எல்லாருக்கும் அனுமதி உண்டு. அபராதத் தள்ளுபடி மட்டும் ஷிப்ட் பொறுப்பாளருக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று: மீறினால் அந்த உறுப்பினரின் பக்கத்தில் ஒரு செய்தி வரி போட வேண்டும். கோஹா அந்தச் செய்தியைத் தேதியோடும் எழுதியவர் பெயரோடும் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அந்த உறுப்பினர் வரும்போது வழங்கும் திரையிலேயே காட்டும். அடிக்கடி வரும் காரணங்களை முன்கூட்டியே எழுதி வைத்தால் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். கூட்ட நேரத்தில் யாரும் தட்டச்சு செய்யமாட்டார்கள் என்பதால் இது முக்கியம்.

அந்தச் செய்திகளை வாராவாரம் ஓர் அறிக்கையாக எடுத்துப் படிப்பேன். யார் மீறினார் என்பதைவிட எந்த விதி அதிகம் மீறப்படுகிறது என்பதில்தான் என் கண். ஆய்வு மாணவர்களின் புதுப்பிப்பு வரம்பு ஒவ்வொரு பருவக் கடைசியிலும் பட்டியலை நிறைத்தது. எல்லா ஷிப்டிலும், எல்லாக் கையாலும் மீறப்பட்டிருந்தது. அப்படியானால் விதிதான் தவறு. குழுவில் அந்தத் தாளைக் காட்டி வரம்பை மாற்றியதும் அந்த வகை மீறல் நின்றுபோனது. பேசிப் பேசியே பல காலம் நகராத விஷயம் அது.

இதெல்லாம் நடக்க ஒவ்வொருவருக்கும் தனி உள்நுழைவு இருக்க வேண்டும். 'கவுன்டர்1' என்று ஒரே கணக்கை எல்லாரும் பயன்படுத்தும் இடத்தில் பதிவேட்டுக்கு அர்த்தமே இல்லை. எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்கை அன்றாட வேலைக்குத் தொடாதீர்கள்.

ஷிப்ட் அட்டவணை கோஹாவில் இல்லை என்றேன். ஆனால் அதைப் போடத் தேவையான தரவு இருக்கிறது. ஒவ்வொரு வழங்கலும் திரும்பலும் நேரத்தோடு பதிவாகிறது. தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் மணிவாரியாக ஓர் அறிக்கை எடுக்கலாம். ஒரு முறை எழுதிச் சேமித்தால் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு யாரும் ஓட்டலாம். கூட்டம் எப்போது என்று நாங்கள் நம்பியிருந்ததும் அறிக்கை சொன்னதும் ஒன்றாக இல்லை. வழங்கல் மாலையில்தான் அதிகம், அது தெரிந்ததே. ஆனால் திரும்பல் காலையில் கதவு திறந்த கையோடு குவிகிறது. அடுக்கும் ஆட்களையோ நாங்கள் பிற்பகலில் போட்டிருந்தோம். அதாவது காலையில் வந்த நூல்கள் பாதி நாள் தள்ளுவண்டியிலேயே கிடந்தன. ஓபாக்கில், அதாவது வாசகர்கள் நூலைத் தேடும் கணினிப் பட்டியலில், 'இருக்கிறது' என்று காட்டும், ரேக்கில் போய்ப் பார்த்தால் இருக்காது. மாணவர் திரும்பி வந்து கவுன்டரில் கேட்பார், கவுன்டர் ஆள் எழுந்து தேடப் போவார், அதற்குள் வரிசை நீளும்.

இதற்குக் கோஹாவிலேயே ஒரு வசதி உண்டு. திரும்பிய நூலின் இருப்பிடத்தை 'இப்போதுதான் திரும்பியது' என்று தானாக மாற்றிக் காட்டும். சில மணி நேரம் கழித்து பழைய இருப்பிடத்துக்குக் கொண்டுவரும். எத்தனை மணி நேரம் என்பதை நாம் முடிவு செய்யலாம். அந்த வசதியோடு அடுக்கும் இருவரைக் காலைக்கு மாற்றினோம். நூல் காணோம் என்று வரும் புகார் நன்றாகக் குறைந்தது.

இன்னொரு அமைப்பு இருக்கிறது, அதில் எச்சரிக்கை தேவை. எந்தப் பணியாளர் நூலை வழங்கினார் என்பதையும் பதிய வைக்கலாம். இயல்பாக அணைந்திருக்கும், வேண்டுமென்றால் இயக்கிக்கொள்ளலாம். இயக்கியதும் மேலிடத்துக்கு ஆள்வாரி எண்ணிக்கை வேண்டும் என்று ஆசை வரும். அந்த எண்ணிக்கையை வைத்து ஆளை எடை போட்டால் நியாயமே இருக்காது. சரியான தரநிலை ஆவணத்தைத் தேடிக் கொடுக்க ஒரு மாணவரோடு அரை மணி நேரம் செலவழித்தவர் பட்டியலில் கடைசியில் இருப்பார். தானியங்கி வழங்கு கருவி வந்தால் எல்லாருடைய எண்ணிக்கையும் ஒரே நாளில் விழும், வேலை குறைந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் கருவி எளிய வேலையை எடுத்துக்கொண்டு, சிக்கலானதை மட்டும் கவுன்டருக்கு அனுப்புகிறது. கேட்கப்படும் கேள்விகளை எண்ண நாங்கள் பழைய முறையில் கோடு போடும் தாள்தான் வைத்திருக்கிறோம், பருவத்துக்கு ஒரு வாரம் மட்டும். வழி கேட்டது, நூல் கேட்டது, பாடம் சார்ந்து கேட்டது என்று மூன்றே பத்தி.

சேவைத் தரத்தை அளக்க வேண்டுமென்றால் லிப்குவல் என்ற நூலகச் சேவை ஆய்வு மாதிரி பயனரிடமே கேட்பது மேல். 2000ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஆய்வில் 22 அடிப்படைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் எதிர்பார்ப்பது, விரும்புவது, உண்மையில் கிடைப்பது என மூன்று மதிப்பெண் போடச் சொல்வார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, வழங்கல் எண்ணிக்கை சொல்லாததையெல்லாம் சொல்லும்.

எண்ணிக்கையில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு, உள்பயன்பாடு, அதாவது நூலகத்துக்குள்ளேயே எடுத்துப் படிப்பது. வெளியே கொடுக்காத குறிப்புதவி நூல்களுக்கு இரவல் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம். இடம் போதவில்லை என்றால் முதல் கத்தி அவற்றின் மேல்தான் விழும். இரவலில் இல்லாத நூலைத் திரும்பல் திரையில் ஸ்கேன் செய்தால் உள்பயன்பாடாகப் பதியும்படி கோஹாவில் அமைக்கலாம். இரவு மூடுவதற்கு முன் மேசைகளில் கிடப்பவற்றை அட்டெண்டர்கள் சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டுத்தான் அடுக்குகிறார்கள். சில மாதத்திலேயே எந்த அலமாரி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுக்கும் வேலையைச் சில்லறை வேலையாக நினைத்தவர்கள், தங்கள் ஸ்கேனிலிருந்து வந்த பட்டியலால் ஒரு அலமாரி காப்பாற்றப்பட்டதைப் பார்த்ததிலிருந்து ஒரு நூலைக்கூட விடுவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுமுறை நாள்காட்டிக்கு ஒரே ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். திடீரென்று மூட நேர்ந்தால், ஏற்கெனவே கொடுத்த நூல்களின் கெடு தானாக நகராது. கெடுவை மொத்தமாக நீட்டிக்கத் தனிக் கருவி இருக்கிறது, அதை ஓட்ட வேண்டும். கெடுவுக்கு முன்பே போகும் நினைவூட்டலைக் கட்டாயம் இயக்குங்கள், அதோடு வரும் வாசகத்தை உங்கள் பாணியில் திருத்தி எழுதுங்கள். முன்பதிவு நூல்களை ரேக்கிலிருந்து எடுத்து வரும் பட்டியல் காலையின் முதல் வேலையாக இருக்கட்டும். எடுத்துவைத்த நூல் எத்தனை நாள் காத்திருக்கும் என்பது இயல்பாக ஏழு நாள்; பாடநூல்களுக்கு அது அதிகம், நாங்கள் மூன்றாகக் குறைத்தோம்.

பயிற்சியில் நான் விடாமல் சொல்வது ஒன்று உண்டு. இந்த நூலை யார் வைத்திருக்கிறார் என்று எந்தப் பேராசிரியர் கேட்டாலும் பெயரைச் சொல்லக் கூடாது. முன்பதிவு போட்டுக் கொடுக்கலாம், திரும்பக் கேட்டு அறிவிப்பு அனுப்பலாம், அவ்வளவுதான். திரையில் நமக்குப் பெயர் தெரிகிறது என்பதாலேயே சொல்லிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. திருப்பிக் கொடுத்த நூல்களின் பழைய வரலாற்றில் ஆள் அடையாளத்தை நீக்கவும் கோஹாவில் வழி இருக்கிறது. நாங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை நீக்குகிறோம்.

குறை என்றால் பருவ இதழ்ப் பகுதியைச் சொல்வேன். இதழ் வரும் முறையைக் கற்றுக்கொடுப்பது பொறுமையைச் சோதிக்கும், ஒழுங்கில்லாமல் வரும் இதழ்களுக்கு மாதாமாதம் கையால் திருத்த வேண்டியிருக்கும். மின்னிதழ், மின்னூல் போன்ற மின்வளங்களுக்கான பகுதி 22.11 பதிப்பில்தான் வந்தது. பெரிய சந்தாக்கள் உள்ள நூலகங்கள் அதை மட்டும் நம்பி இறங்குவதற்கு முன் நன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படும் வரை, இப்போதுதான் சேர்த்த நூல் தேடலில் உடனே வராமல் போகலாம். பட்டியலாக்கப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்கள் பதிவு காணாமல் போனதாகப் பதறுவார்கள். கொஞ்சம் காத்திருக்கச் சொல்லி வையுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு பதிப்பு என்பது கவுன்டருக்குத் தொல்லை. பொத்தான் இடம் மாறினால்கூட மாலை வரிசை நீளும். அதனால் நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, நீண்ட விடுமுறையில் மட்டும் மாறுகிறோம். அதற்கு முன் சோதனை சர்வரில் கவுன்டர் ஆட்களை ஒரு நாள் உட்கார வைக்கிறோம். நிலுவை உள்ளவருக்கு வழங்குவது, முன்பதிவில் இருக்கும் நூலைப் புதுப்பிக்கப் பார்ப்பது, மணிக் கணக்கு இரவல், தொலைந்த நூல் திரும்பி வருவது, ரசீது அச்சிடுவது, இந்த ஐந்தையும் ஒவ்வொருவரும் செய்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரசீதில்தான் பெரும்பாலும் ஏதாவது மாட்டும்.