கோயிலுக்கு மார்பிள் பீடம் செய்யக் கொடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

புதுக் கோயில் கட்டும் கத்தோலிக்கப் பங்குகளும் பழைய பீடத்தை மாற்றப்போகும் பங்குகளும் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் எங்கள் பங்கில் நடந்தது இது. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் வேலை எடுத்தவரின் பெயரைப் போடவில்லை.

பேசியது என்னவென்றால், எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்று அங்குல கனத்தில் ஒரே கல்லாக மேல்பலகை. கல் ராஜஸ்தானின் மக்ரானா வெள்ளை மார்பிள். முன்பக்கம் கையால் செதுக்கிய கடைசி இராவுணவு. எங்களுக்குக் கிடைத்ததோ 18 மில்லிமீட்டர் பலகை. விளிம்பை 45 டிகிரியில் அறுத்து, கீழ்நோக்கி ஒரு பட்டையை ஒட்டி, பார்வைக்கு மூன்று அங்குலமாகக் காட்டியிருந்தார்கள். உள்ளே செங்கல்லும் பிளைவுட்டும். இராவுணவு அச்சில் வார்த்த ரெசின்.

இது அர்ச்சிப்பு, அதாவது பீடத்தைப் புனிதப்படுத்தும் சடங்கு, முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. ஆயர் பீடத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கிறிஸ்மா என்ற புனிதத் தைலத்தைப் பூசினார். மார்பிளில் எண்ணெய் ஊறுவது சகஜம்தான், ஆனால் ஊறினால் திட்டாகப் பரவும். எங்கள் பீடத்தில் இரண்டு மூலைகளில் இருந்து விளிம்பை ஒட்டியே கருப்பாக ஒரு நேர்கோடு ஓடியது. ஊர்க் கொத்தனார் அந்தக் கோட்டில் நகத்தை வைத்துக் கீறியதும் பசை உரிந்து வந்தது. அப்புறம் டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. புனிதரின் திருப்பண்டம் வைக்க விட்ட குழியைச் சுற்றி மட்டும் மெல்லிய கல்லை ஒட்டியிருந்ததால், அர்ச்சிப்பு அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேலை நடந்தபோது தார்ப்பாய் கட்டி மறைத்து, அர்ச்சிப்புக்கு முந்தின இரவுதான் முடித்துக் கொடுத்தார்கள். அதுவும் கணக்குப் போட்டுச் செய்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இராவுணவுச் சிற்பத்தை உற்றுப் பார்த்தால், யூதாசின் பணப்பைக்கு அடியில் ஊசி முனை அளவில் காற்றுக் குமிழ்த் துளைகள் இருக்கின்றன. செதுக்கிய கல்லில் அப்படி வராது. பின்பக்கம் சூடான ஊசியை வைத்தோம், பிளாஸ்டிக் நாற்றம்தான் வந்தது.

பீடம் கிறிஸ்துவையே குறிக்கிறது. அதனால்தான் ஃபாதர் குனிந்து அதை முத்தமிடுகிறார். நிலையான பீடத்தின் மேல்பலகை கல்லாக, அதுவும் ஒரே இயற்கைக் கல்லாக இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1236. ஆயர் பேரவை ஏற்றுக்கொண்டால் வேறு தகுதியான, உறுதியான பொருளிலும் செய்யலாம். மரம்தான் என்று சொல்லி மரத்தில் செய்து தந்திருந்தால்கூட மனசு இவ்வளவு வேதனைப்பட்டிருக்காது. மீன்பாடு இல்லாத மாதத்திலும் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்த காசு இது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. முதலில் எடை. மார்பிள் கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோ வரும். நான் சொன்ன அளவுப் பலகை உண்மையிலேயே ஒரே கல்லாக இருந்தால் ஏறத்தாழ 450 கிலோ இருக்கும், செயின் பிளாக் இல்லாமல் அசையாது. எங்கள் பலகையை நான்கு பையன்கள் கையில் தூக்கி வந்து வைத்தார்கள். கேட்டதற்கு, "நாங்க தினமும் இதே வேலைதானே பாக்கோம் அண்ணாச்சி" என்றார் வேலை எடுத்தவர்.

எலுமிச்சை டெஸ்டை நம்பாதீர்கள். சாம்பிள் கல்லில் சாறு பிழிந்து, நுரை வந்ததும் "ஒரிஜினல் மக்ரானா" என்று எங்களுக்கும் காட்டினார். சுண்ணாம்புச் சத்துள்ள எந்த மார்பிளும் நுரைக்கும், மார்பிள் தூள் கலந்த ரெசினும் நுரைக்கலாம். ராஜஸ்தானின் இன்னொரு கல்லான ராஜ்நகர் வெள்ளை, மக்னீசியம் கலந்த டோலமைட் வகை என்பதால் நல்ல கல்லாக இருந்தும் சரியாக நுரைக்காது. "கிஷன்கரில் இருந்து இறக்கினோம்" என்பதும் சான்று ஆகாது. கிஷன்கர் பெரிய மார்பிள் சந்தை, அங்கே வெளிநாட்டுக் கல்லும் விற்கும்.

அவர் கொடுத்த கொட்டேஷனில் "மார்பிள் ஆல்டர் – 1 செட்" என்று மட்டுமே இருந்தது. இப்போது அதையே பிடித்துக்கொண்டு வாதாடுகிறார். கல்லின் பெயர், எந்தச் சுரங்கம், எத்தனை அங்குலம், "ஒட்டுப்போடாத ஒரே கல்", சிற்பம் கையால் செதுக்கியது, இவ்வளவும் எழுத்தில் வேண்டும். அறுக்கும் முன் பட்டறைக்குப் போய் கல்லைப் பார்த்துப் பெயிண்டில் அடையாளம் போடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். பொருத்தும்போது உங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும்.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். அதற்கு இரண்டு வருடக் காலக்கெடு இருக்கிறது. பீடத்தை மாற்றினால் ஆயர் மறுபடி வந்து அர்ச்சிக்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே கேட்கிறோம். அவர் காட்டிய ஆல்பத்தில் தென்மாவட்டக் கோயில்களின் பீடங்கள் நிறைய இருந்தன. சமீபத்தில் உங்கள் பங்கில் மார்பிள் பீடம் வைத்திருந்தால், அடிப்பக்கம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். இதே மாதிரி இருந்தால் போட்டோவோடு இன்பாக்ஸில் சொல்லுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறோம்.