சொந்தக் கர்னல்: எந்த கான்ஃபிக்கிலிருந்து தொடங்குவது?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை நாமே பில்ட் செய்யும்போது கம்பைல் செய்வது கஷ்டமில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்பதில்தான் தலைவலி. இந்தத் தேர்வுகளைக் குறித்துவைக்கும் கோப்புதான் கான்ஃபிக். தொடங்க மூன்று வழிகள்.

முதலாவது, உபுண்டு போன்ற டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் விநியோகத்தின்) கான்ஃபிக். பூட் அடைவில் இருக்கும் கோப்பை மூலநிரல் அடைவுக்குள் டாட்கான்ஃபிக் (.config) என்ற பெயரில் நகலெடுத்து ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கொடுத்தால், புதிய விருப்பங்களுக்கு இயல்பு மதிப்பு தானாக விழும். பூட் ஆவதில் பெரிதாகச் சிக்கல் வராது. ஆனால் உங்களிடம் இல்லாத வன்பொருளுக்கும் ஆயிரக்கணக்கில் மாட்யூல்கள் (வேண்டியபோது மட்டும் ஏற்றப்படும் கர்னல் துண்டுகள்) கம்பைல் ஆகும்; டீபக் தகவலை அணைக்காவிட்டால் வட்டில் பல ஜிபி போய்விடும். உபுண்டு கான்ஃபிக்கில் கூடுதலாக ஒரு வில்லங்கம்: ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’ என்ற விருப்பம் மூலநிரலில் இல்லாத சான்றிதழ்க் கோப்பைத் தேடும், பில்ட் பாதியில் நிற்கும். அதையும் ‘ரிவொகேஷன் கீஸ்’ஸையும் காலியாக்கிவிடுங்கள்.

இரண்டாவது, 2009-இல் 2.6.32 பதிப்போடு வந்த லோக்கல்மாட்கான்ஃபிக். டிஸ்ட்ரோ கான்ஃபிக்கை எடுத்துக்கொண்டு, இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் இல்லாத மாட்யூல்களை எல்லாம் கழித்துவிடும். பில்ட் நேரம் பெருமளவு குறையும். பெரும்பாலானோருக்கு இதுதான் சரி. கழிப்பது அந்த நொடியின் பட்டியலைப் பார்த்து என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பென்டிரைவ் அப்போது செருகப்படாமல் இருந்தால் யுஎஸ்பி ஸ்டோரேஜ் காலி. விபிஎன், லூப் (கோப்பை வட்டுபோல் மவுண்ட் செய்வது), கண்டெய்னருக்கான நெட்ஃபில்டர் (நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டுவது) மாட்யூல்களுக்கும் இதே கதிதான். அன்றாடம் தேவைப்படும் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிவிட்டுக் கட்டளையைக் கொடுங்கள்.

மூன்றாவது, கர்னலோடு வரும் இயல்புக் கான்ஃபிக்கான டெஃப்கான்ஃபிக்கில் தொடங்கி, மெனுகான்ஃபிக் என்ற மெனுவில் ஒவ்வொன்றாகத் தேர்வது. வன்பொருள் மாறாத கருவிகளுக்குப் பொருந்தும். மடிக்கணினிக்கு வேண்டாத வேலை. இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) இல்லாமல் ஓட்டுவதானால் வட்டின் டிரைவரும் ரூட் கோப்பு முறைமையும் ‘எம்’ (தனி மாட்யூல்) அல்ல, ‘ஒய்’யாக (கர்னலுக்குள்ளேயே) இருக்க வேண்டும். இல்லையென்றால் ரூட்டை மவுண்ட் செய்ய முடியாமல் கர்னல் பேனிக்தான். கோப்பு முறைமையின் யுயுஐடியை (தனி அடையாள எண்ணை) கர்னல் தானாக அறியாது. அதைப் படிப்பது இனிட்ராம்எஃப்எஸ். அதனால் ரூட் எது என்று சொல்லும் இடத்தில் பார்ட்யுயுஐடி (வட்டுப் பகிர்வின் அடையாள எண்) கொடுங்கள். கிராபிக்ஸ் டிரைவரை ‘ஒய்’ ஆக்கினால் இன்னொரு தொல்லை: ரூட் மவுண்ட் ஆகும் முன்பே அது ரூட்டில் இருக்கும் ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள் ஏற்றும் நிரலை) தேடித் தோற்கும். ‘எம்’மாகவே விடுவது நல்லது.

எந்த வழியானாலும் ‘லோக்கல்வெர்ஷன்’ (கர்னல் பதிப்பின் பின்னொட்டு) மதிப்பை மாற்றி, மாட்யூல்களைத் தனி அடைவில் விழச் செய்யுங்கள். பழைய கர்னல் கிரப் (பூட் லோடர்) மெனுவில் இருக்கட்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையெழுத்திடாத கர்னல் ஏறாது. உங்கள் சாவியால் கையெழுத்திட்டு, அந்தச் சாவியை மோக்யூட்டில் என்ற கருவி வழியாகப் பதிந்த பிறகு ரீபூட் செய்யுங்கள்.