சுகர கொறைக்க பணம் வச்சு பந்தயம் கட்டுறதா, இல்ல அதே சுகர் இருக்குற ஒரு ஆள கூட வச்சுக்கிறதா?

ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டேன், அதனால மொதல்லயே சொல்லிடுறேன், நான் ஆள் பக்கம். சின்ன தட்டுல சாப்பிடறது, மாத்திரைய டூத் பிரஷ் பக்கத்துல வைக்கிறது எல்லாம் எப்படியும் பண்ண வேண்டியது, அத விட்ருவோம்.

பந்தயத்துக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க 1979லயே எழுதுனதுதான், நூறு ரூபா கெடைக்கிற சந்தோஷத்த விட நூறு ரூபா போற வலி பெருசு. சரின்னு மச்சான் கையில 5000 குடுத்தேன், மூணு மாசத்துல வெறும் வயித்து சுகர் 130க்கு கீழ வந்தா திருப்பித் தரணும், இல்லன்னா அவனுக்கு. வந்துச்சு! டெஸ்டுக்கு முந்துன நாலு நாள் ராத்திரி சோத்தையே தொடல, அவ்ளோதான் ரகசியம். மச்சான் உஷாராகி அடுத்த ரவுண்டுக்கு ஹெச்பிஏ1சி தான் கணக்குன்னுட்டான், அது ரத்த சுகரோட ரெண்டு மூணு மாச சராசரி காட்டுற டெஸ்ட், நாலு நாள் பட்டினிக்கெல்லாம் மசியாது. 8.6 இருந்தது 7.5க்கு வரணும். பாதியிலயே தேறாதுன்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் எதுக்கு அல்வாவ விடணும்? 5000மும் போச்சு, அதுல வாங்குன பிரியாணிய என் முன்னாடியே உக்காந்து தின்னான்.

எனக்கு இதுலதான் புத்தி வந்துச்சு. பந்தயத்துக்கு கடைசி தேதி இருக்கு, சுகருக்கு இல்ல. தேதி முடிஞ்ச மறுநாள் காலையில எந்திரிச்சு நடக்க என்ன இருக்கு? ஜெயிச்சப்பவும் நான் நடக்கல, தோத்தப்பவும் நடக்கல. வருஷா வருஷம் புதுசா பணம் கட்டிட்டே இருக்க முடியுமா சொல்லுங்க.

இப்ப எங்க தெரு ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணன் கூட கண்மாய்க் கரையில நடக்குறேன். அவருக்கு ஒரு காலத்துல ஹெச்பிஏ1சி 11 இருந்துச்சாம், இப்ப கட்டுக்குள்ள. வரலன்னா வாசல்ல வந்து நின்னு "தம்பி, செருப்ப மாட்டு"ன்னுவாரு, டாக்டர் திட்டுனா பொய் சொல்ற நான் இவர்கிட்ட சொல்றதில்ல, சொன்னாலும் கண்டுபுடிச்சிருவாரு, அவரும் அதே பொய்ய சொன்னவருதான். எட்டு மாசம் ஆச்சு, 7.4.

இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்ல. ஃபிலடெல்ஃபியாவுல முன்னாள் ராணுவத்தினர் 118 பேர வச்சு ஒரு ஆய்வு, 2012ல வந்துச்சு. சுகர கட்டுப்படுத்துன இன்னொரு நோயாளி வாரா வாரம் பேசுன குழுவுக்கு ஆறு மாசத்துல ஹெச்பிஏ1சி 9.8லேர்ந்து 8.7, ஒரு புள்ளி கொறைச்சா 100 டாலர், ரெண்டு கொறைச்சா 200ன்னு சொன்ன குழுவுக்கு 9.5லேர்ந்து 9.1. சின்ன ஆய்வுதான், ஆறு மாசம்தான், அதையும் சொல்லணும்.

நான் மாத்திரை கேஸ், இன்சுலின் போடுறவங்களுக்கு இது எப்படி செட் ஆகும்னு என் அனுபவத்துல சொல்ல முடியாது. ஆள் வழியிலயும் ஓட்டை இருக்கு, போன மாசம் அண்ணன் பொண்ணு வீட்டுக்கு பெங்களூர் போயிட்டாரு, பதினஞ்சு நாள்ல நான் நடந்தது ஏழு நாள். எட்டாவது நாள் ராத்திரி போன் பண்ணி எடுத்த எடுப்புல "எத்தன பரோட்டா?"ன்னாரு.