‘200 எம்பி’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு. ‘200 எம்பி ஸ்பீடு’ என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, பாதிகூட வராத இணைப்பை மாட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்டால், "அந்த எம்பி வேற, இந்த எம்பி வேற சார், எட்டால வகுக்கணும்" என்று பதில் வருகிறது. வகுப்பது சரிதான். வகுத்த பிறகு வரவேண்டிய வேகமும் வரவில்லை என்பதைத்தான் அந்தப் பதில் மூடி மறைக்கிறது.

ஆங்கிலத்தில் சின்ன பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட். வாயால் சொன்னாலும் தமிழில் எழுதினாலும் இரண்டும் ‘எம்பி’தான். கம்பெனி விற்பது வினாடிக்கு இத்தனை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ். டவுன்லோடில் கம்ப்யூட்டர் பெரும்பாலும் காட்டுவது வினாடிக்கு இத்தனை மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக 200 எம்பிபிஎஸ் என்றால் ஏட்டுக் கணக்கில் வினாடிக்கு 25 மெகாபைட்.

கையில் அது முழுதாக வராது. தரவு சின்னச் சின்னப் பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி, சரிபார்ப்பு என்று கூடுதல் சுமை உண்டு. கம்ப்யூட்டரை ரூட்டரோடு இணைக்கும் ஈதர்நெட் கேபிளில் 1538 பைட் போகும் இடத்தில் நம் தரவு 1460 பைட்தான். அதில் 5 சதவீதம் போகிறது. தொலைத்தொடர்பில் மெகா என்றால் 10 லட்சம். விண்டோஸோ 1024-ஐ 1024-ஆல் பெருக்கி 10,48,576 என்று எண்ணும். இரண்டையும் கழித்தால் வினாடிக்கு 22.6 மெகாபைட் நிற்கும். மனக்கணக்குக்கு எட்டுக்குப் பதில் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண் வரும். 22 வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். 15-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் விடாதீர்கள்.

இதில் ஒரு எண்ணைத் தனியாக நினைவில் வையுங்கள்: 11.3. 200 பிளான் எடுத்தும் டவுன்லோடு வினாடிக்கு 11.3 மெகாபைட்டைத் தாண்டாமல் நிற்கிறது, ஸ்பீடு டெஸ்ட் 94, 95 எம்பிபிஎஸ்ஸிலேயே முட்டி நிற்கிறது என்றால், லைன் நன்றாக இருந்தும் நடுவில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸில் பூட்டிக்கிடக்கிறது. பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, கொடுத்த ரூட்டரில் கேபிள் செருகும் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் போர்ட். பழைய சரக்கைத் தள்ளிவிட இது வசதி. இரண்டு, கேபிளில் நாலு கம்பிதான் ஜாக்கில் ஏறியிருக்கும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு பின் போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்துக்குக் கொடுப்பதும் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஈதர்நெட்டில் ‘லிங்க் ஸ்பீடு’ பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் விஷயம் அங்கேயே பிடிபட்டுவிடும். உங்கள் லேப்டாப் போர்ட்டே 100-ஆக இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட்டர் பெட்டிமேல் ‘300 எம்பிபிஎஸ்’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிச் சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம். அது காற்றில் வைஃபை பேசிக்கொள்ளும் உச்ச வேகம். கைக்கு வருவது அதில் பாதி இருந்தாலே நல்லது. வைஃபை அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள ரூட்டரை 200 பிளானுக்குக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

மாட்ட வந்தவர் தன் மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுவார். அதில் சர்வர் பெயரைப் பாருங்கள். அதே கம்பெனியின் சர்வராக இருந்தால், அவர்கள் வலைக்குள்ளேயே ஓடிய வேகம்தான் அது, வெளி உலகத்துக்கானது அல்ல. லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, வேறு கம்பெனி, வேறு ஊர் சர்வர்கள் இரண்டு மூன்றில் பாருங்கள். பகலில் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில், கம்பெனிப் பக்கத்து ஒரு போர்ட்டின் 2.488 கிகாபிட்டை 32 வீடோ 64 வீடோ பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்குபோடுவது தப்பில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. ஆனால் தினமும் இரவில் படுத்துவிடுகிறது என்றால், தாங்கும் அளவுக்கு மேல் ஆள் சேர்த்திருக்கிறார்கள்.

‘அன்லிமிடெட்’டில் இதே அலகுக் குழப்பம் தலைகீழாக வரும். வேகம் பிட்டில், அளவு பைட்டில். 200 எம்பிபிஎஸ்ஸில் 1000 ஜிபி என்பது நிற்காமல் இழுத்தால் ஏட்டுக் கணக்கில் 12 மணி நேரம்கூட ஆகாது. அப்படி யாரும் இழுப்பதில்லைதான். ஆனால் நாலு கேமராவை, ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் வீதம், கிளவுடுக்கு (இணையத்திலுள்ள சேமிப்பிடத்துக்கு) விட்டால் ஒரு நாளைக்கு 86 ஜிபி போய்விடும். அப்லோடையும் கணக்கில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். அளவு தீர்ந்தபின் 1 எம்பிபிஎஸ் கொடுத்தால் வினாடிக்கு 125 கிலோபைட். 700 மெகாபைட் படம் இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பணம் கட்டும் முன் ரசீதில் இவற்றை எழுதி வாங்குங்கள்: டவுன்லோடு இத்தனை எம்பிபிஎஸ், அப்லோடு இத்தனை, மாதம் இத்தனை ஜிபி, அதற்குப் பின் வேகம் எவ்வளவு, ரூட்டர் மாடல், லேன் போர்ட் கிகாபிட்டா. எழுத மறுத்தால் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டவே கட்டாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், லிங்க் ஸ்பீடு படமும் தேதி, நேரம் தெரியும் டெஸ்ட் படங்களும் எடுத்துக்கொண்டு கம்பெனியில் புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) வாங்குங்கள். போனில் பேசியதோடு விடாதீர்கள். சரிசெய்யாவிட்டால் அந்த எண்ணை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனிநபர் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.