மொறிஸ் மைனருக்குப் புஷ் மாற்றக் குடுக்கிறவர்கள் கவனம்

யாழ் நகரில் ஒரு கராஜில், பிறேக் பிடித்தால் 'டக்' என்று சத்தம் வருகிறதென்று விட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்றுக்கு, முன்சில்லைத் தாங்கும் கீழ் ஆமின் மூட்டில் இருக்கும் றப்பர் புஷ் முழுக்க மாற்றியாச்சு என்று காசு வாங்கினார்கள். வீட்டில் கீழே படுத்து ரோர்ச் அடித்துப் பார்த்தால் இடப்பக்கம் மட்டும்தான் புது றப்பர். வலப்பக்கத்தில் புஷ்ஷைப் பிடிக்கிற ஐபோல்ற் (வளையத் தலைப் போல்ற்) நட்டில் துருவுக்கு மேலேயே கறுப்புப் பெயின்ற். ஸ்பனர் பட்ட அடையாளமே இல்லை. பக்கத்துக்கு இரண்டாக நாலு புஷ்ஷுக்குப் பில். போட்டது இரண்டு.

போட்ட பக்கமும் பிழை. கார் ஜாக்கில் நிற்க, சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை இறுக்கிவிட்டார்கள். இந்த றப்பர் வழுக்கிச் சுழலாது. இறுக்கின இடத்தில் பிடித்துக்கொண்டு முறுகித்தான் வேலை செய்யும். தொங்கவிட்டு இறுக்கினால் கார் சும்மா நிற்கும்போதே றப்பர் முறுகியபடி நிற்கும், கெதியில் கிழியும். நட்டை லேசாகப் பூட்டி, காரை இறக்கி, முன்னுக்குப் பின்னுக்கு உருட்டி, முன்பக்கத்தை நாலைந்து தரம் அமத்திவிட்டுத்தான் கடைசி இறுக்கு.

கழற்றின சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, துடைக்காமல், கிறீஸ் பூசிப் புஷ்ஷைத் தள்ளியிருந்தார்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் இந்தக் கார்களை ஓட்டியது மண்ணெண்ணெய்தான். ஆனால் றப்பர் அதில் ஊதி மெத்தென்றாகிவிடும். புஷ்ஷைத் தள்ளச் சவர்க்காரத் தண்ணி போதும். பொலியூரித்தேன் புஷ் என்றால் சிலிக்கன் கிறீஸ்.

இதெல்லாவற்றையும் விட மோசம், சத்தம் எங்கே இருந்து வருகிறது என்றே பார்க்கவில்லை. பிறேக் பிடிக்கும்போது 'டக்' என்றால் முதலில் ரை றொட் (கீழ் ஆமை முன்னுக்குப் பிடிக்கும் கம்பி) முன்னுக்கு இருக்கும் றப்பர்களைப் பார்க்க வேணும். பிறகு கீழ் ட்ரனியன், அதாவது சில்லுத் தூணைக் கீழ் ஆமோடு இணைக்கும் புரி போட்ட மூட்டு. சில்லைத் தூக்கி, அடியில் கம்பி விட்டு நெம்பினால் புரி தேய்ந்திருப்பது மேல்கீழ் ஆட்டமாகத் தெரியும். நிப்பிளில் கிறீஸ் அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும்; ஓடுகிற காரில் சில்லு அப்படியே மடியும். உயிர் போகிற விஷயம். புதுப் புஷ் அதை மறைக்கவும் மாட்டாது, தடுக்கவும் மாட்டாது.

வீட்டில் நீங்களே கழற்றுவதென்றால் கீழ் ஆமுக்கு ஜாக் குடுக்காமல் தொட வேண்டாம். ஸ்பிறிங்குக்குப் பதிலாக இருக்கும் டோர்ஷன் பாரின் (முறுக்குக் கம்பியின்) முறுக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது, கையை உடைக்கும்.

கராஜில் விட முதல் ஒவ்வொரு நட்டிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போடுங்கோ. பழைய புஷ் அத்தனையையும் கையில் தரச் சொல்லி எண்ணுங்கோ. கோடு உடையாமல் நேராக இருந்தால் அந்த நட்டு கழரவே இல்லை. காசைக் குடுக்காமல் காரைத் திரும்ப ஜாக்கில் ஏற்றச் சொல்லுங்கோ.