ஒரே பாட்டு, நாலு வழி: எனக்கு ஒரு கணக்கு, அண்ணனுக்கு வேறு கணக்கு

ஒரு காலத்தில் ரீசார்ஜ் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் இருநூறு பாட்டு ஏற்றி வைத்திருப்பார்கள். முப்பது ரூபாய். அதற்கு முன்னால் பிளாட்பாரத்து எம்பி3 சிடி. அதற்கும் முன்னால், வெற்றுக் கேசட்டோடு ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருந்த ரெக்கார்டிங் சென்டர். அந்தக் கடைகளில் நின்றபோது, இதில் யாருக்கோ காசு போகவில்லையே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நானே ஒரு பாட்டுப் போட்ட பிறகுதான் அந்த யோசனை வந்தது.

நான் வார நாளில் ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சனி ஞாயிறுகளில் கீபோர்டு. பாட்டால் காசு வராவிட்டாலும் எனக்குச் சம்பளம் வரும். என்னோடு டோலக் வாசித்த அண்ணனுக்கு அப்படி இல்லை. இருபத்தைந்து வருடமாக மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பதுதான் அவருக்கு வருமானம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், எல்லாமே. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாலு நிமிடப் பாட்டு ஒன்றை என் படுக்கையறையில் பதிவு செய்தோம். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரே மைக்கில். அதை எங்கே, எப்படி வெளியிடுவது என்று ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில், எந்த வழியும் எங்கள் இருவருக்கும் ஒன்று போலப் பொருந்தவில்லை.

பூட்டி வைப்பது, மீறினால் வழக்கு

அண்ணனின் முதல் யோசனை இதுதான். "சும்மா குடுக்கக் கூடாதுப்பா. எவன் எடுத்தாலும் கேஸ் போடணும்."

போட்டவர்கள் இருக்கிறார்கள். 1999 ஜூனில் நாப்ஸ்டர் வந்தது. ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் நேராக இறக்கிக்கொள்ளலாம். வெளியிடாத தங்கள் பாட்டு ஒன்றின் அரைகுறைப் பதிவு அதில் சுற்றி, ரேடியோ வரைக்கும் போய்விட்டதைப் பார்த்த மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழு 2000 ஏப்ரலில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே அவர்களுடைய டிரம்மர் லார்ஸ் உல்ரிக், 3 லட்சத்து 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை அச்சடித்து, பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கினார். ரிக்கார்டு கம்பெனிகளும் தனியே வழக்குப் போட்டிருந்தன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது.

பகிர்வு நிற்கவில்லை, வேறு பெயர்களில் தொடர்ந்தது. 2003 செப்டம்பரில் அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகள் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குப் போட்டன. அதில் ஒருத்தி 12 வயதுச் சிறுமி. 2,000 டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது. 2005இல் சோனி பிஎம்ஜி தன் சிடிக்களில் ரகசியமாக ஒரு பூட்டு மென்பொருளைச் சேர்த்து, அது வாங்கியவர்களின் கணினிப் பாதுகாப்பில் ஓட்டை போட்டு வைக்க, சிடிக்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இத்தனைக்குப் பிறகும், 1999இல் 1,460 கோடி டாலராக இருந்த அமெரிக்க இசைப்பதிவு வருவாய் 2014இல் பாதிக்கும் கீழே வந்து நின்றது.

மெட்டாலிகாவிடம் வக்கீலும் இருந்தார், திருட ஆளும் இருந்தார்கள். எங்களிடம் இரண்டுமே இல்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு அந்தப் பேச்சை விட்டார்.

இலவசமாக விடுவது

இது என் கட்சி. என்னிடம் நல்ல உதாரணங்களும் இருந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பையன்கள் கச்சேரிகளில் தங்கள் டெமோ சிடியை, அதாவது மாதிரிப் பதிவை, சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை இணையத்தில் ஏற்றிப் பகிர்ந்தார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் கடைக்கு வந்தபோது முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள் விற்றன. வில்கோ என்ற அமெரிக்கக் குழுவின் ஆல்பத்தை கம்பெனி வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது. அவர்கள் 2001 செப்டம்பரில் தங்கள் இணையதளத்திலேயே அதை ஓடவிட்டார்கள். அடுத்த வருடம் வேறொரு ரிக்கார்டு கம்பெனி எடுத்து வெளியிட்டது. திருப்பிக் கொடுத்த கம்பெனிக்கும் எடுத்த கம்பெனிக்கும் முதலாளி ஒருவர்தான் என்பது கூடுதல் வேடிக்கை.

2007 அக்டோபரில் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்துக் குழு தங்கள் ஆல்பத்தை இணையத்தில் வைத்து, விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அடுத்த வருடம் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்கக் குழு தன் ஆல்பத்தின் ஒரு பகுதியை இலவசமாக விட்டு, கையெழுத்திட்ட 300 டாலர் பெட்டி 2,500 மட்டும் செய்தது. சில நாளில் அத்தனையும் தீர்ந்தது.

அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க எல்லாம் ஏற்கெனவே பேர் வாங்கினவங்கதானே?" என்றார். வில்கோவுக்கும் ரேடியோஹெட்டுக்கும் நைன் இஞ்ச் நெய்ல்ஸுக்கும் அது முழு உண்மை. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தர பழைய கம்பெனி முறை பல வருடம் செலவு செய்திருந்தது. ஆர்க்டிக் மங்கீஸ் மட்டும்தான் என் வாதத்துக்கு மிஞ்சியது. அவர்களுக்கும் காசு வந்தது கடையில் விற்ற சிடியில்.

இலவசம் பெரிய பெயர் இல்லாமலும் வேலை செய்யும் ஓர் உலகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது, கர்நாடக சங்கீதம். ஸ்பூல் டேப் காலத்திலிருந்தே ரசிகர்கள் கச்சேரிகளைப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுத்து வந்தார்கள். சங்கீதப்ரியா என்ற தன்னார்வத் தளம் அதையே இணையத்துக்குக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் பதிவுகளை விட்டுவிட்டு, கச்சேரி, வானொலிப் பதிவுகளைக் காசு வாங்காமல் பகிர்ந்தது. மறைந்த வித்வான்களின் ஆலாபனையை ஊரிலிருந்தே கேட்டுப் பாடம் பண்ணிய மாணவர்கள் எத்தனையோ பேர். இதனால் பாடகர்களின் பிழைப்பு கெட்டதா என்றால், பெரிதாக இல்லை. அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு எப்போதும் சபாவின் சன்மானமும் சிஷ்யர்களும்தான். தோடி ராகம் ஃபைலாகக் கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் மார்கழியில் கச்சேரிக்குப் போகாமல் இருப்பதில்லை. சினிமாப் பாட்டில் அந்தக் கணக்கு ஓடாது. அங்கே ஃபைல்தான் சரக்கு.

எங்கள் பாட்டை வாட்ஸ்அப்பில் விட்டோம். மூன்று வாரத்தில் என் அத்தையின் குடும்ப குரூப்பிலிருந்து எனக்கே அது திரும்பி வந்தது. முப்பது நொடியாக வெட்டி, ரோஜாப்பூப் படத்தின் மேல், ‘இனிய காலை வணக்கம்’ என்ற எழுத்தோடு. என் பெயரும் இல்லை, அண்ணன் பெயரும் இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அண்ணன் அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, "டோலக்கு நல்லா கேக்குது" என்று மட்டும் சொன்னார். ஆனால் அதே ஃபைலைக் கேட்டு யார் வாசித்தது என்று விசாரித்து வந்த ஒரு கல்யாண ஏஜென்ட் மூலம் அவருக்கு இரண்டு வரவேற்புக் கச்சேரிகள் கிடைத்தன. அந்த வருடம் முழுக்க இந்தப் பாட்டால் அவர் பார்த்த உருப்படியான பணம் அதுதான்.

ஸ்ட்ரீமிங்

பாட்டை இறக்காமலேயே இணையத்தில் கேட்க வைக்கும் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. உங்கள் பாட்டை அங்கே நேராகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். நாங்கள் பிடித்த ஆளுக்கு வருடச் சந்தா. முதல் வருடம் வந்த பணம் அந்தச் சந்தாவில் பாதிக்குக்கூடத் தேறவில்லை.

காசு பிரியும் விதத்தைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். கேட்கிறவர்கள் கட்டும் சந்தாவையும் விளம்பரப் பணத்தையும் ஒரே குடத்தில் ஊற்றுகிறார்கள். கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தை அந்த மாதம் ஓடிய மொத்தத் தடவைகளில் யார் பாட்டு எத்தனை தடவை ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். என் சித்தப்பா மகன் மாதம் முழுக்க எங்கள் பாட்டை மட்டுமே கேட்டாலும், அவன் கட்டிய பணத்தில் பெரும்பகுதி ஊரே கேட்கும் பாட்டுக்காரர்களுக்குப் போய்விடும். கேட்டவன் காசு கேட்ட பாட்டுக்கே என்ற முறையை 2021இல் சவுண்ட்கிளவுட் என்ற தளம் சிறு கலைஞர்களுக்காகத் தொடங்கியது. என் புத்திக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. பெரிய தளங்கள் அந்தப் பக்கம் முழுசாக வரவில்லை. மாறாக, 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் பதிவுக்கான ராயல்டி, அதாவது உரிமைப் பங்கு, என்று ஸ்பாட்டிஃபை விதி போட்டது. எனக்கு அந்த ஆயிரம் ஒரு விளையாட்டு இலக்கு, ஆபீஸில் எல்லாரையும் கேட்கச் சொல்லி நச்சரித்தேன்.

அண்ணனுக்கு ஆயிரம் தாண்டினாலும் ஒன்றுமில்லை. அந்தப் பணம் பதிவின் உரிமையாளருக்கும், மெட்டுக்கும் வரிக்கும் சொந்தக்காரர்களுக்கும்தான் போகிறது. 2012இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கைத் தயாரிப்பாளருக்கோ கம்பெனிக்கோ எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆக்கியது. பெரிய மாற்றம் அது. பாடி, வாசிக்கும் கலைஞருக்கும் ராயல்டி உண்டு என்று அதிலேயே ஒரு வரி இருக்கிறது. பாடகர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து அதைக் கேட்டு வாங்கப் போராடி வந்திருக்கிறார்கள். டோலக்காரர்? கால்ஷீட், கவர், வவுச்சரில் ஒரு கையெழுத்து. அண்ணன் இத்தனை வருடத்தில் வாங்கியது அவ்வளவுதான். என் பாட்டில் வரவில் பாதி அவருக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதி என்பது இதுவரை ஒரு பிரியாணிக்குக்கூடக் காணாது, அது வேறு விஷயம்.

நேரடி விற்பனை

பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் நாமே விலை போட்டு விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு, மிச்சத்தில் பணம் அனுப்பும் செலவு போக நமக்கு. 2020 மார்ச் 20 அன்று, கொரோனாவில் கச்சேரிகள் நின்றபோது, ஒரு நாள் முழுக்கத் தங்கள் பங்கை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பின்னால் அது பல மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்தது. விற்றால் கையில் கணிசமாக நிற்பது இந்த ஒரு வழியில்தான். ஆனால் தமிழ்நாட்டில் பாட்டை ஃபைலாகக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் என்றைக்கு இருந்தது? எங்கள் பாட்டை மூன்று பேர் வாங்கினார்கள். ஒருவர் கனடாவில் இருக்கிறார். மற்ற இருவரும் என் மச்சான்கள்.

எந்த ஃபைல் யாரைக் கொல்கிறது

ஒரு வாரம் இந்த நாலையும் போட்டு அலசிய பிறகு, தவறான ஃபைலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தோன்றியது. பகிரப்பட்ட பாட்டால் அண்ணனுக்குப் போன காசு எதுவுமில்லை, ஏனென்றால் சிடி விற்ற காலத்திலும் அவருக்கு அதில் பங்கில்லை. அவர் வயிற்றில் அடித்தது வேறொரு ஃபைல். பென்டிரைவில் வரும் டிராக், முன்பே பதிவு செய்த பின்னணி இசை.

அவர் சேர்ந்தபோது குழு என்றால் பதினைந்து பேர். தபேலா, டோலக், தும்பா, டிரம்ஸ், பேஸ் கிடார், லீட் கிடார், வயலின், புல்லாங்குழல், இரண்டு கீபோர்டு. முதலில் நல்ல கீபோர்டு ஒன்று வந்து வயலினையும் குழலையும் அனுப்பியது. (அந்தக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்த ஆட்களில் நானும் ஒருவன்.) பிறகு தட்டினால் தாள வாத்தியங்களின் ஒலி தரும் ரிதம் பேட் வந்து தும்பாவை அனுப்பியது. இப்போது ஒரு லேப்டாப், ஒரு பேட், இரண்டு பாடகர்கள் இருந்தால் கல்யாண வரவேற்பு முடிந்தது. பாடகர் குரல் மட்டும் இல்லாத மைனஸ் ஒன் டிராக் இணையத்தில் ஓசியிலேயே கிடைக்கிறது. கோயில்களில் ஸ்விட்சைப் போட்டால் தானாக முரசும் மணியும் அடிக்கும் மெஷின் வந்தபோது தவில்காரர்களுக்கு நடந்ததுதான் இது.

அதே டிராக்தான் என்னை வாசிக்க வைத்தது. கம்பளி தொங்கும் அறையில் தனியாக உட்கார்ந்து, டிரம்ஸும் பேஸும் மௌஸால் போட்டு, பதினைந்து பேர் குழு வைத்திருப்பவன் போலப் பாட்டு செய்தேன். டோலக் மட்டும் மௌஸில் சரியாக விழவில்லை என்பதால்தான் அண்ணனையே கூப்பிட்டேன். விழுந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில வருடம் முன்னால் ஒரு ஸ்டுடியோவில் அவரை ஒரு மதியம் முழுக்க உட்காரவைத்து, வெவ்வேறு வேகத்தில் நாலு நாலு பாராக (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) டோலக் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. மூன்றாயிரம் ரூபாய், அன்றைக்கு நல்ல கூலி.

போன ஆவணியில் ஒரு மண்டபத்துக்கு இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தோம். மேடையில் ஒரு பையன் பேடைத் தட்ட, ஸ்பீக்கரில் டோலக் லூப், திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு சிறு பதிவு, ஓடியது. அண்ணன் கை ரசத்தில் நின்றுவிட்டது.

"மூணாவது பார்ல ஒரு தட்டு லேசா பிந்தி விழும், கேளு" என்றார்.

கேட்டேன். விழுந்தது. லூப் சுற்றி வந்தது, மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது.

"அன்னைக்கு விரல்ல பிளாஸ்திரி போட்டிருந்தேன்."